போத்தலில் இருப்பது எது?

'மெர்க் இண்டெக்ஸ்' என்ற நூலை இன்றைய மாணவர்களில் பெரும்பாலோர் கையில் எடுத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். 1889இல் ஒரு மருந்து நிறுவனம் தன் சரக்குப் பட்டியலாகத் தொடங்கிய அந்தப் புத்தகம், பதிப்புக்குப் பதிப்பு பெருத்து, வேதியியல் படிப்பவர்களின் அகராதியாகவே ஆகிவிட்டது. எண்பதுகளில் நான் மலாயாப் பல்கலைக்கழகத்தில் படித்தபோது நாங்கள் புரட்டியது 1983இல் வந்த பத்தாம் பதிப்பு. இரவல் கிடையாது. நூலகத்திலேயே உட்கார்ந்து பார்த்து, வேண்டியதைக் கையால் எழுதிக்கொண்டு வர வேண்டும். மெல்லிய தாள், பொடி எழுத்து, ஒரு சேர்மத்துக்கு ஒரு பத்தி. அந்த ஒரு பத்திக்குள் வாய்பாடு, மூலக்கூற்று நிறை, தயாரிக்கும் முறை, படிகத்தின் வடிவம், உருகுநிலை, எதில் எவ்வளவு கரையும், எவ்வளவு கொடுத்தால் எலி சாகும் என்பதெல்லாம் நெருக்கியடித்துக் கிடக்கும். அதை யார் எந்த ஆய்விதழில் எந்த ஆண்டு எழுதினார் என்பதும் கூடவே இருக்கும்.

பக்கத்தில் 'சி.ஆர்.சி. கையேடு' இருந்தது. கெமிக்கல் ரப்பர் கம்பெனி என்ற நிறுவனம் வெளியிட்டதால் 'ரப்பர் பைபிள்' என்று அதற்குச் செல்லப்பெயர். செய்முறைக்கு ஆர்தர் வோகல் 1948இல் முதலில் வெளியிட்ட கரிம வேதியியல் நூல். இரசாயன விற்பனை நிறுவனங்களின் தடித்த விலைப்பட்டியல்களும் கிடைக்கும். விலைக்குப் பக்கத்திலேயே உருகுநிலையும் கொதிநிலையும் அச்சிட்டிருப்பதால், பழைய பட்டியல் யார் கையிலாவது கிடைத்தால் அதைப் பத்திரப்படுத்திக்கொள்வோம்.

எங்கள் வீடு பெட்டாலிங் ஜெயா பழைய நகரில், மார்க்கெட்டுக்குப் பின்னால். செய்முறை வகுப்புக்கு முந்தைய மாலை நூலகம் மூடும்வரை இருந்து, இரண்டு பஸ் மாறி வீடு வருவேன். நோட்டில் ஒவ்வொரு எண்ணுக்கும் எதிரே எந்த நூல், எந்தப் பதிப்பு, எந்தப் பக்கம் என்று எழுதியிருப்பேன். அப்படி எழுதாத எண்ணை எங்கள் விரிவுரையாளர்கள் ஏற்க மாட்டார்கள். "எங்கிருந்து எடுத்தீங்க?" என்பதுதான் அவர்களின் முதல் கேள்வி. எண் சரியா தவறா என்பது அதற்குப் பிறகு. தகவல் அரிதாக இருந்ததால் அது எங்கே கிடைத்தது என்பது மனத்தில் பதிந்தது. திரும்பப் பார்க்க வேண்டுமென்றால் திரும்ப அதே மேசைக்குத்தான் போக வேண்டும்.

அந்தக் கேள்வியின் கனத்தை எனக்குப் பள்ளி நாட்களிலேயே உணர்த்திய கட்டடம் ஒன்று இதே ஊரில் இருக்கிறது. ஜாலான் சுல்தானில் உள்ள மலேசிய இரசாயனத் துறை, ஜபாத்தான் கிமியா. உணவில் கலப்படமா, குடிநீரில் என்ன இருக்கிறது, காவல்துறை பிடித்த பொட்டலத்தில் இருப்பது போதைப்பொருளா என்று பார்த்துச் சொல்லும் அரசு ஆய்வுக்கூடம். அங்குள்ள வேதியியலாளர் கையெழுத்திட்டுத் தரும் அறிக்கையைக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 399ஆம் பிரிவு நீதிமன்றத்தில் சான்றாக ஏற்கிறது. எதிர்த்தரப்பு கேட்டால் கையெழுத்திட்டவரே கூண்டில் ஏறி, எந்தச் சோதனை செய்தார், எவ்வளவு எடுத்தார், பொட்டலம் யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது என்று பதில் சொல்ல வேண்டும். ஓர் எண்ணுக்காக ஒரு மனிதர் எழுந்து நின்று பொறுப்பேற்பது எனக்கு அன்றும் பெரிய விஷயமாகப் பட்டது, இன்றும் அப்படித்தான்.

பழைய காலத்தைத் தூக்கிப் பிடிப்பதற்காக இதை எழுதவில்லை. அந்த நூல்கள் உருகுநிலையில் காட்டிய அக்கறையை எங்கள் உடம்பின்மேல் காட்டவில்லை. பென்சீனால் கழுவு என்று சாதாரணமாக எழுதியிருக்கும். பென்சீன் இரத்தப் புற்றுநோய் உண்டாக்கும் என்பது அந்த வரியில் இருக்காது. ஆறாம் படிவத்தில் புரோமினா அயோடினா என்று கண்டுபிடிக்க கார்பன் டெட்ராகுளோரைடு ஊற்றிக் குலுக்கினோம். அடியில் படியும் படலம் செம்பழுப்பானால் புரோமின், ஊதாவானால் அயோடின். கல்லீரலைக் கெடுக்கும் அந்தத் திரவத்தின் ஆவி வகுப்பு முழுவதும் பரவி நிற்கும். பின்னர் அதற்குப் பதிலாக 1,1,1-டிரைகுளோரோஈத்தேன் வந்தது. ஓசோன் படலத்தைக் காக்கும் மொன்றியல் உடன்பாட்டில் 1990இல் செய்த திருத்தம் இரண்டையுமே கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. பிப்பெட்டில் கரைசலை வாயால் உறிஞ்சி எடுத்தோம். பீக்கருக்கு அடியில் வைக்கும் கம்பி வலையின் நடுவில் ஆஸ்பெஸ்டாஸ் வட்டம் இருந்தது. நம்பகமான நூல் என்று நாங்கள் கொண்டாடியதெல்லாம் பொருளைப் பற்றித்தான் நம்பகமாகப் பேசியது.

இந்த நாட்டில் அது மாறியதற்கு உயிர்கள் போக வேண்டியிருந்தது. 1991 மே 7ஆம் தேதி சுங்கை பூலோவில் 'பிரைட் ஸ்பார்க்லர்ஸ்' பட்டாசுத் தொழிற்சாலை வெடித்துச் சிதறியது. இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். கிள்ளான் பள்ளத்தாக்கில் அன்று இருந்தவர்கள் யாரும் அந்தப் படங்களை மறந்திருக்க முடியாது. தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் 1994இல் வந்ததற்கு அந்த விபத்து ஒரு முக்கியக் காரணம். தொடர்ந்து 1997இல் ஆபத்தான இரசாயனங்களின் பொதிக்கும் சீட்டுக்குமான விதிகள், 2000இல் அவற்றைக் கையாளும் தொழிலாளரின் உடல்நலத்துக்கான விதிகள், 2013இல் இரசாயன ஆபத்துகளை வகைப்படுத்தும் உலகப் பொது முறையைத் தழுவிய புதிய விதிகள். 2013 விதிகளின்படி ஆபத்தான இரசாயனத்தை விற்பவர் பதினாறு பகுதிகள் கொண்ட பாதுகாப்புத் தகவல் தாளை மலாயிலும் ஆங்கிலத்திலும் தர வேண்டும். எங்கள் காலத்தில் போத்தலில் ஒரு மண்டையோட்டுப் படம் இருந்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. அதிலிருந்து இங்கு வந்து சேர்ந்தது உண்மையான முன்னேற்றம்.

தகவல் கிடைப்பதும் அதே வேகத்தில் பெருகியது. அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனம் 1996இல் தன் தரவுகளை இணையத்தில் வைத்தது. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்கள் 2004இல் 'பப்கெம்' தொடங்கின. பிரிட்டனின் ராயல் வேதியியல் கழகம் 'கெம்ஸ்பைடர்' தரவுத்தளத்தை யாரும் காசில்லாமல் பார்க்கும்படி வைத்திருக்கிறது. என் அக்காள் மகள் பெட்டாலிங் ஜெயாவில் தனியார் கல்லூரி ஒன்றில் முதலாண்டு அறிவியல் படிக்கிறாள். செக்சன் 17இல் அவர்கள் வீட்டு வரவேற்பறையில் சாய்ந்துகொண்டே, நான் பஸ் மாறிப் போய்த் தேடியதைப்போல் பல மடங்கை அவளால் திறந்து பார்க்க முடிகிறது. எனக்கு அதில் மகிழ்ச்சிதான். தமிழ்ப்பள்ளியில் படித்துவிட்டு வரும் ஒரு பிள்ளைக்கு நூலக அட்டை இல்லை, பழக்கம் இல்லை, ஆள் இல்லை என்ற தடைகள் பாதி போய்விட்டன.

ஆனால் அவள் பெரும்பாலும் அந்தத் தரவுத்தளங்களைத் திறப்பதே இல்லை. 2022 நவம்பரில் 'சாட்ஜிபிடி' வந்தபிறகு வளர்ந்த மாணவி அவள். கேள்வியைத் தட்டினால் பதில் வந்துவிடுகிறது.

சில மாதங்களுக்கு முன் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பொட்டாசியம் பெர்மாங்கனேட்டை ஆக்சாலிக் அமிலத்தோடு டைட்ரேஷன் செய்யும் பழைய சோதனை. மாணவர்களே ஆக்சாலிக் அமிலக் கரைசலை 0.05 மோலார் செறிவில் 250 மில்லி லிட்டர் தயாரிக்க வேண்டும். அதிலிருந்து 25 மில்லி எடுத்து, கந்தக அமிலம் சேர்த்து, 60 முதல் 70 டிகிரி வரை சூடாக்கி, 0.02 மோலார் பெர்மாங்கனேட்டைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். இளஞ்சிவப்பு நிலைத்து நிற்கும் இடம் 25 மில்லிக்குப் பக்கத்தில் வர வேண்டும். அவளுக்கு 18க்குச் சற்றுக் குறைவாக வந்துகொண்டே இருந்தது.

"என்னான்னே தெரியல சித்தி. பியூரெட்டு மாத்திட்டேன், சூடு சரியா இருக்கு. பெர்மாங்கனேட்டு பழசு லா, அதான் கெட்டுப்போயிருக்கும்" என்றாள்.

பெர்மாங்கனேட் நாள்பட்டால் வீரியம் குறையும் என்பது சரிதான். ஆனால் வீரியம் குறைந்த கரைசல் கூடுதலாகச் செலவாகுமே தவிர, குறைவாகச் செலவாகாது. குறை மறுபக்கத்தில் இருக்க வேண்டும். எவ்வளவு ஆக்சாலிக் அமிலம் நிறுத்தாய் என்று கேட்டேன். 1.13 கிராம். மோலார் நிறை 90.03 என்று வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறாள். அந்த எண் எங்கிருந்து வந்தது என்று கேட்டதும் கைப்பேசியைக் காட்டினாள். உரையாடல் செயலி சொல்லியிருந்தது. ஆக்சாலிக் அமிலத்தின் மோலார் நிறை 90.03 என்பது தவறே அல்ல.

மறுவாரம் கல்லூரிப் போத்தலைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். சீட்டில் வாய்பாட்டுக்குப் பின்னால் ஒரு புள்ளி, அதன்பின் இரண்டு நீர் மூலக்கூறுகள், 126.07 என்ற நிறை. ஆய்வுக்கூடங்களில் சாதாரணமாக வைத்திருப்பது படிக நீரோடு சேர்ந்த இந்த வகைதான். செயலி சொன்னது நீரற்ற வகைக்கான எண். பச்சைத் தேங்காய் கேட்கும் குழம்புக்கு அதே எடையில் கொப்பரையைப் போட்டால் என்ன ஆகும் என்று எங்கள் அம்மாவைக் கேட்டால் சொல்லியிருப்பார். இங்கே நடந்தது அதற்கு நேர்மாறு. எடையில் ஒரு பங்கு தண்ணீராகப் போனதால், எடுக்க வேண்டிய 1.58 கிராமுக்குப் பதில் அவள் எடுத்தது 1.13. கரைசல் 0.05 அல்ல, ஏறத்தாழ 0.036. அதற்கு 18 மில்லிக்குச் சற்றுக் குறைவாகத்தான் பெர்மாங்கனேட் செலவாகும். அவளுடைய கைவேலை அவ்வளவு துல்லியமாக இருந்திருக்கிறது. அதைச் சொன்னபோதுதான் அவள் முகம் தெளிந்தது.

இந்த இடத்தில் அவளுக்கு சி.ஏ.எஸ். எண்ணைப் பற்றிச் சொன்னேன். அமெரிக்க வேதியியல் கழகத்தின் ஒரு பிரிவு 1965 முதல் ஒவ்வொரு பொருளுக்கும் தனி எண் கொடுத்து வருகிறது. பெயர் குழப்பலாம், எண் குழப்பாது. நீரற்ற ஆக்சாலிக் அமிலம் 144-62-7. படிக நீர் உள்ளது 6153-56-6. போத்தல் சீட்டில் இரண்டாவது எண் அச்சிட்டிருந்தது. கடைசி இலக்கம் ஒரு சரிபார்ப்பு இலக்கம் என்பதையும் காட்டினேன். அதை விட்டுவிட்டு, மற்ற இலக்கங்களை வலமிருந்து இடமாக 1, 2, 3 என்று பெருக்கிக் கூட்ட வேண்டும். 6153-56-6க்கு 6, 10, 9, 20, 5, 36, மொத்தம் 86. அதன் கடைசி இலக்கமான 6தான் எண்ணின் கடைசி இலக்கம். ஒரு இலக்கத்தை மாற்றி எழுதினாலோ, செயலி ஒன்று தானாக ஓர் எண்ணைக் கட்டிச் சொன்னாலோ பெரும்பாலும் இதில் மாட்டிக்கொள்ளும். மாட்டாத தவறும் உண்டு. 144-62-7ம் கணக்குப்படி சரியாகவே வரும், ஆனால் அது அவளுடைய போத்தல் அல்ல. செயலியிடம் போத்தல் இல்லை. போத்தல் ஆய்வுக்கூடத்து அலமாரியில் இருக்கிறது, அதைத் திருப்பிப் பார்க்க வேண்டியவள் அவள்தான்.

இன்னொரு பாடமும் அதையொட்டி வந்தது. ஆஸ்பிரின் தயாரித்து உருகுநிலை பார்க்கும் சோதனைக்கு அவள் தேடியபோது ஓரிடத்தில் 135 என்றும் இன்னோரிடத்தில் 138 முதல் 140 வரை என்றும் இருந்தது. "எது சரி சித்தி?" என்றாள். சூடு ஏற ஏற ஆஸ்பிரின் சிதையத் தொடங்கும். மெல்லச் சூடாக்கினால் ஒன்று, வேகமாகச் சூடாக்கினால் ஒன்று. அந்த வேறுபாட்டை மறைத்து ஒற்றை எண்ணைத் தரும் பதிலைவிட, வேறுபட்ட இரண்டு எண்களும் மாணவருக்கு அதிகம் சொல்லும். பிலடெல்பியாவில் டிரெக்செல் பல்கலைக்கழகத்தில் ஜான்-குளோட் பிராட்லி என்ற வேதியியலாளர் இதையே வகுப்பாக நடத்தினார். ஒரே பொருளின் ஒரே பண்பைப் பல மூலங்களில் தேடி, ஒவ்வொன்றையும் எங்கே கண்டோம் என்று எழுதி, ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் மாணவர்களுக்கு வேலை. புகழ்பெற்ற மூலங்களும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாத இடங்கள் அதில் வெளியே வந்தன. ஆய்வுக் குறிப்பேட்டை உலகமே பார்க்கும்படி திறந்து வைக்கும் முறைக்கு 2006இல் பெயர் சூட்டியவரும் அவர்தான். 2014இல் காலமானார். நம் கல்லூரிகளில் அவர் பாடத்தை அப்படியே எடுத்து நடத்தலாம். கருவி எதுவும் வாங்க வேண்டியதில்லை.

பாதுகாப்புத் தாள்களைப் பற்றியும் எனக்கு மனக்குறை உண்டு. மாணவர்கள் சோதனைக்கு முன் அவற்றைப் பார்த்து ஆபத்துகளை எழுதுகிறார்கள். 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்துக்கு எதிரே 'தோலை அரிக்கும், கண்ணைக் கெடுக்கும்' என்று எழுதியிருக்கும். அது 37 சதவீத அடர் அமிலத்தின் தாள். மாணவர் கையில் இருப்பது அரை சதவீதம்கூட இல்லை. இப்படி எல்லாவற்றுக்கும் ஒரே அச்சத்தை எழுதிப் பழகியவர், உண்மையிலேயே அஞ்ச வேண்டிய பொட்டாசியம் டைகுரோமேட்டையும் அதே கண்ணால் பார்க்கிறார். பிரிட்டனில் 1963 முதல் இயங்கும் கிளீப்ஸ் என்ற அமைப்பு, பள்ளி மாணவர்களுக்கென்றே செறிவு வாரியாகப் பிரித்துத் தாள்கள் எழுதுகிறது. நம் பள்ளிகளுக்கும் அப்படி ஒன்று மலாயில் வேண்டும், கூடவே தமிழிலும் சீனத்திலும் வேண்டும். 2019 மார்ச்சில் ஜொகூர் பாசிர் கூடாங்கில் கிம் கிம் ஆற்றில் இரசாயனக் கழிவைக் கொட்டி, 111 பள்ளிகளை மூடிய நாட்களில், எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இரசாயனப் பெயர்கள் வரிசையாக வந்தன. ஒன்றுக்கும் பக்கத்தில் அளவு இல்லை. அங்கே பிள்ளை படிக்கும் என் ஒன்றுவிட்ட தங்கை அதைப் படித்துவிட்டு எதற்கு அஞ்சுவது என்று தெரியாமல் இரவெல்லாம் விழித்திருந்தாள்.

தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை அறிவியலைத் தமிழில் படித்து, இடைநிலைப்பள்ளியில் மலாயில் படித்து, கல்லூரியில் ஆங்கிலத்துக்கு மாறுகிறார்கள் நம் பிள்ளைகள். நடுவில் 2003 முதல் சில ஆண்டுகள் தமிழ்ப்பள்ளியிலேயே அறிவியலை ஆங்கிலத்தில் நடத்தினார்கள். இத்தனை தாவல்களில் பிள்ளை தாக்குப்பிடித்துவிடுகிறது. கற்றதை வீட்டில் சொல்வதுதான் நின்றுபோகிறது. என் அக்காள் மகளின் தந்தை, என் அத்தான், பி.ஜே. தொழிற்பேட்டையில் ஓர் அச்சகத்தில் நெடுநாளாக வேலை செய்கிறார். உருளைகளைத் துடைக்கும் திரவத்தில் டொலுவீன் இருக்கிறது. மகள் வேதியியல் படிப்பது அவருக்குப் பெருமை. ஆனால் தான் கையாளும் திரவத்தைப் பற்றி மகளிடம் கேட்கலாம் என்று அவருக்கும் தோன்றவில்லை, சொல்லலாம் என்று அவளுக்கும் தோன்றவில்லை.

கேட்டுப் பார்க்கச் சொன்னேன். தொழிலாளர் பார்க்கும்படி பாதுகாப்புத் தகவல் தாள்களை வேலையிடத்தில் வைத்திருக்க வேண்டும் என்பது 2000ஆம் ஆண்டு விதி. அவர் மேற்பார்வையாளரிடம் கேட்டு, தாளைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு வந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் அதைத் தமிழில் சொல்லச் சொல்ல நானும் உடன் இருந்தேன். 4ஆம் பகுதியில், விழுங்கிவிட்டால் வாந்தியெடுக்க வைக்கக் கூடாது என்று இருந்தது. அத்தான் நிமிர்ந்து உட்கார்ந்தார். தவறிக் குடித்தவருக்கு உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தியெடுக்க வைப்பதுதான் அவர்கள் இதுவரை அறிந்த முதலுதவி. டொலுவீன் போன்ற திரவம் வாந்தியோடு மேலே வரும்போது நுரையீரலுக்குள் இறங்கிவிடும், வயிற்றில் இருப்பதைவிட அது பெரிய ஆபத்து என்று அவள் விளக்கினாள். பினாங்கில் அறிவியல் பல்கலைக்கழகத்தில் 1994 முதல் தேசிய நச்சு மையம் இருப்பதையும், அங்கே தொலைபேசியில் கேட்கலாம் என்பதையும் நான் சேர்த்துச் சொன்னேன்.

"நாங்க மத்தியானம் மெஷினுக்குப் பக்கத்துலதானேம்மா சாப்பிடுறோம். அதுக்கு என்ன போட்டிருக்கு?" என்று கேட்டார்.

அவள் கீழே தள்ளித் தேடினாள். 7ஆம் பகுதி, கையாளுதல். பயன்படுத்தும் இடத்தில் உண்ணவோ குடிக்கவோ புகைக்கவோ கூடாது, சாப்பிடும் முன் கையைக் கழுவ வேண்டும். மலாய்ப் பிரதியிலும் அதே வரி இருக்கிறதா என்று அவளே ஒப்பிட்டுப் பார்த்தாள். இருந்தது. அந்தப் பக்கத்தை அச்சடித்துத் தரச் சொல்லிவிட்டு, சாப்பாட்டு மேசையைச் சரக்கு இறக்கும் தாழ்வாரத்துக்கு மாற்ற முடியுமா என்று திங்கட்கிழமை மேற்பார்வையாளரிடம் பேசப் போவதாகச் சொன்னார். கூட வேலை செய்யும் வங்காளதேசத் தோழர்களுக்கும் இதைச் சொல்ல வேண்டுமே, அவர்கள் மொழியில் தாள் கிடைக்குமா என்று மகளைக் கேட்டார். அவள் தேடத் தொடங்கினாள். இந்தமுறை கிடைத்த ஒவ்வொன்றுக்கும் எதிரே, எந்த நிறுவனத்தின் தாள், எந்தத் தேதியில் திருத்தியது என்று நோட்டில் எழுதிக்கொண்டே.